முதலில் சிஸ்டர், பிறகு நான்

நாங்கள் ஆக்லாந்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து நேராக வரவில்லை. இடையில் ஆறு வருடம் சாம்பியாவில் இருந்தோம். கப்வே என்ற ஊரில் நானும் கணவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தோம். எண்பதுகளின் நடுவில் நியூசிலாந்து விசா கிடைத்தபோது, இறங்கியதும் வகுப்பறைக்குள் போய்விடுவோம் என்றுதான் நினைத்தோம். கணவருக்குத் தபால் பிரிக்கும் வேலை கிடைத்தது. எனக்கு ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலை. ஓடுகிற பெல்ட்டிலிருந்து ஐஸ்கிரீம் டப்பா மூடிகளை எடுத்து, ஐம்பது ஐம்பதாக அடுக்கிப் பெட்டியில் வைக்க வேண்டும்.

மூன்றாம் நாள், எனக்கு எதிரே நின்ற ஆப்பிரிக்கப் பெண்ணின் விரலை ஒரு மூடியின் விளிம்பு கீறிவிட்டது. "மாயோ!" என்று கத்தினாள். பெம்பா மொழிக்காரர்கள் வலித்தால் அப்படித்தான் அம்மாவைக் கூப்பிடுவார்கள். கப்வேயில் பழகிய பெம்பாவில் நான் காலை வணக்கம் சொன்னேன். அவள் இரண்டு கைகளையும் பெல்ட்டிலிருந்து எடுத்துவிட்டாள். மூடிகள் தரையெல்லாம் கொட்டின. சூப்பர்வைசர் ஓடி வந்தார். அவரைத் திரும்பியும் பார்க்காமல், பெல்ட்டைச் சுற்றி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

லுசாக்காவில் பிரசவ வார்டில் பதினொரு வருடம் தாதியாக இருந்தவள் அவள். அவள் கணவருக்குச் சரக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் பாதி கடலில். இரண்டு பெண் குழந்தைகள். இங்கே தாதியாகப் பதிவு செய்ய ஒரு பரீட்சை எழுத வேண்டும். ஒருமுறை எழுதித் தோற்றிருந்தாள். நான் அவளை 'சிஸ்டர்' என்றேன். அவள் என்னை 'டீச்சர்' என்றாள். நாங்கள் கதைத்தது ஆங்கிலமும் பெம்பாவும் கலந்து. என் நினைவில் அது யாழ்ப்பாணத் தமிழாகவே பதிந்திருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் என்னை ஏவன்டேலில் ஒரு சிறிய மண்டபத்துக்குக் கூட்டிப்போனாள். அப்போது அந்த நகரத்தில் ஆப்பிரிக்கர்கள் மிகக் குறைவு. கானா, நைஜீரியா, சாம்பியா, சிம்பாப்வே என்று பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் அங்கே கூடின. நிலக்கடலைக் குழம்பும் சோறும் சாப்பிட்ட பிறகு கூட்டம் தொடங்கும். அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு நேரத்தில் ஒருவருடைய முறை. அந்த ஆள் காலூன்றும்வரை மற்ற எல்லோரும் அவருக்காக ஓட வேண்டும். அன்று சிஸ்டரின் முறை தொடங்கியது.

கூட்டத்தை நடத்தியது கானாவிலிருந்து வந்த ஒரு அக்கா. அக்ராவில் வங்கி அதிகாரியாக இருந்தவர். "எங்க விழுந்தனீர்?" என்று சிஸ்டரைக் கேட்டார்.

"மருந்தளவுக் கணக்கில. பேப்பரைப் பார்த்ததும் தலை வெறுமையாப் போச்சு."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் இன்னும் இரண்டாம் தட்டுச் சோற்றில் இருந்தேன்.

மறுநாள் முதல் பெல்ட்டின் இரண்டு பக்கமும் பாடம் நடந்தது. "ஆயிரம் மில்லி சேலைன். எட்டு மணித்தியாலத்தில ஏற வேணும். ஒரு மில்லிக்கு இருபது துளி. நிமிஷத்துக்கு எத்தனை துளி?" அவள் விழிப்பாள். "அதை விடும். இந்தப் பெல்ட்டில நிமிஷத்துக்கு எத்தனை மூடி வருது?" என்பேன். அது அவளுக்குக் கைக்குள் இருந்தது; மூடியிலிருந்து துளிக்கு மெல்ல மெல்ல வந்தோம். மூன்றாம் வாரம் நான் கேள்வியை முடிக்குமுன் "நாற்பத்திரண்டு!" என்று கத்தினாள். அடுத்த பெல்ட்டில் நின்ற சமோவா பெண்கள் என்னவென்று தெரியாமலே கைதட்டினார்கள்.

பரீட்சை ஒரு புதன்கிழமை வந்தது. சூப்பர்வைசர் லீவு தர மறுத்தார். "பெல்ட்டில் ஆள் குறைந்தால் வேலை போய்விடும்" என்றார். அன்று காலை கானா அக்காவின் கணவர் தன் பழைய ஸ்டேஷன் வேகனில் சிஸ்டரை நகரத்துக்குக் கொண்டுபோனார். அதற்கு முன் தொழிற்சாலை வாசலில் அக்காவை இறக்கிவிட்டிருந்தார். கோயிலுக்குப் போவதுபோல் நீண்ட அங்கி, தலையில் பெரிய கட்டு. நேராக வந்து சிஸ்டரின் இடத்தில் நின்றார்.

"யார் இது?" என்றார் சூப்பர்வைசர்.

"உங்களுக்கு ஆள் குறையக் கூடாது எண்டீங்களே" என்றார் அக்கா. "இப்ப குறையேல்ல."

சூப்பர்வைசர் ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டைப் பார்த்தார், தன் அறைக்குத் திரும்பிப் போனார். அக்கா அன்று அடுக்கிய பெட்டிகளில் பாதியை நான் மறுபடி அடுக்க வேண்டியிருந்தது. ஆனாலும் பின்னேரம் சங்கு ஊதும்வரை அவர் உட்காரவில்லை.

ஆறு வாரம் கழித்து சிஸ்டரின் வாடகை வீட்டில் எல்லோர் முன்னாலும் பரீட்சை முடிவுக் கடிதம் பிரிக்கப்பட்டது. வாசிக்கும் தைரியம் அவளுக்கு இல்லை. அக்கா வாசித்தார். "பாஸ்" என்ற சொல் காதில் விழுந்ததும் பெண்கள் நாக்கைச் சுழற்றி ஒரு குலவை போட்டார்கள் பாருங்கள், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் பதறிப்போய்க் கதவைத் தட்டினார். விஷயம் தெரிந்ததும் ஒரு தட்டுடன் உட்கார்ந்துவிட்டார். நானும் குலவை போட்டேன். எனக்கே தெரியாது, எனக்கு அது வரும் என்று.

அந்த ஆரவாரத்துக்குள்ளேதான் அக்கா சொன்னார், "அடுத்தது டீச்சர்."

"நான் ஆப்பிரிக்காக்காரி இல்லையே, அக்கா."

சிஸ்டர் என் கையைப் பிடித்தாள். "ஆறு வருஷம் எங்கட பிள்ளையளுக்குக் கணக்குப் படிப்பிச்சனீங்கள். இதுக்கு மேல என்ன வேணும்?"

வீட்டுக்கு வந்து சொன்னபோது கணவர் சிரித்தார். "ஓம், அவை சொல்லுறது சரிதானே" என்றார்.

ஆசிரியையாகப் பதிவு செய்ய என்னிடம் இல்லாதது ஒரு கடிதம்தான். கப்வே தலைமையாசிரியர் என் சேவையை உறுதிசெய்து எழுத வேண்டும். ஒரு வருடமாக எழுதியும் பதில் இல்லை. சிஸ்டர் தன் தம்பிக்கு எழுதினாள். அவன் லுசாக்காவிலிருந்து பஸ் ஏறி, அந்தப் பள்ளிக்கூட அலுவலகத்தில் இரண்டு நாள் குந்தியிருந்து, கையெழுத்தும் முத்திரையும் வாங்கித்தான் எழும்பினான். கடிதம் வந்தபோது உறையில் சாம்பியாவின் சிவப்பு மண் ஒட்டியிருந்தது. துடைக்காமல் அப்படியே விண்ணப்பத்தோடு வைத்தேன்.

பிறகு மண்டபத்தில் நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி. அக்காவின் கணவர் நியூசிலாந்துத் தலைமையாசிரியர்போல மூக்கால் பேசி என்னை வறுத்தெடுத்தார். உண்மையான தலைமையாசிரியர் அவரைவிட எவ்வளவோ சாதுவாக இருந்தார். மாசி மாதத்திலிருந்து தன் பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியை வேலை என்று அவர் சொன்னபோது, 'நன்றி' என்று ஒழுங்காகச் சொல்ல எனக்கு மூன்று தரம் ஆயிற்று.

முதல் நாள் ஸ்டேஷன் வேகனில் ஆறு பேர் என்னைக் கொண்டுபோய் விட்டார்கள். சிஸ்டர் இரவு வேலை முடித்து, வெள்ளைச் சீருடையோடு வந்திருந்தாள். மணி அடிக்கும்வரை வாசலிலிருந்து ஒருவரும் அசையவில்லை. முப்பது பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். சோக்கட்டியை எடுத்தேன். பலகையில் முதல் கணக்கை எழுதினேன்.

அடுத்த ஞாயிறு அக்காவின் முறை. அவர் ஒரு வங்கி வேலைக்கு மனுப் போட்டிருந்தார். மண்டபத்து மேசைக்குப் பின்னால் வங்கி மேனேஜராக நான் உட்கார்ந்தேன். மூன்று தரம் அவருக்கு வேலை இல்லை என்று சொல்லி அனுப்பினேன். நான்காம் தரம் அவர் என்னைக் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார். அதற்குப் பிறகு, அவருக்கு வேலை கிடைக்கும் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. அந்த மாதமே வங்கியும் அவரை எடுத்துக்கொண்டது.