விருந்தாளிக்குப் பூச்சிக்காய்

காம்பைப் பிடித்துத் தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் கத்திரிக்காயைக் கூடையில் போடுவாள் ஆதிலட்சுமி. முன்பெல்லாம் ஓட்டை இருந்தால் ஒதுக்குவாள். இந்த ஒரு வாரமாக ஓட்டையைக் கண்டாலும் கை நின்றுவிடுகிறது, காணாவிட்டாலும் நின்றுவிடுகிறது.

அடி அண்ணாமலைக் கிராமத்துக் கொல்லைகளில் காய் வாங்கி, ஷேர் ஆட்டோவில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு செங்கம் ரோட்டுக்கு வருகிறவள். கூடைக்குத் தனிக் காசு கேட்கும் ஓட்டுநரோடு வழியெல்லாம் சண்டை போட்டுவிட்டு, இறங்கும்போது அவனுக்கே நாலு பச்சைமிளகாய் கொடுப்பாள். எஸ்.டி.டி. பூத்துக்குப் பக்கத்தில், ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் சாப்பிடும் நந்தினியின் ஓட்டல்தான் அவளுக்குப் பெரிய வாடிக்கை. பூச்சிமருந்தடித்த காய் இன்னொரு முறை வந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக நந்தினி போன வாரம் சொல்லிவிட்டாள்.

இன்று காலை ஆதிலட்சுமி, தனக்குக் கத்திரிக்காய் கொடுக்கும் வேடியப்பனின் கொல்லைக்கே நேரே போனாள். அவர் வீட்டுச் சமையலுக்கென்று கிணற்றோரம் இருந்த பாத்திகளில் மருந்தே படவில்லை. ஓட்டலுக்குப் போகும் பாத்திகளுக்கு மட்டும் பார்த்துப் பார்த்து அடித்திருந்தார். ஏமாற்று இல்லை, உபசாரம்.

"தூர தேசத்துலருந்து வந்துக்கிறாங்க. அவங்களுக்குப் போயி பூச்சிக்காயா குடுப்ப?"

"அவங்க அதத்தான்ணா கேக்கறாங்க."

"அவங்க கேப்பாங்க. நம்மள என்னான்னு நெனப்பாங்க?"

வீட்டுக்கு வந்தவர்களுக்கு அவளும் சொத்தைக்காய் சமைத்துப் போட்டதில்லை. ஆனாலும் கெஞ்சினாள், கோபித்தாள். இனி எந்தப் பாத்திக்கும் அடிப்பதில்லை என்று அவரைச் சம்மதிக்க வைத்து, கிணற்றோரக் காயைப் பறித்தாள். வேடியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

ஓட்டல் சமையற்காரர் கூடையைப் பார்த்ததும் பாதியைத் தரையில் தள்ளிவிட்டார். சந்தையில் கழித்துப் போட்டதை அள்ளி வந்துவிட்டாளோ என்று நந்தினிக்கும் சந்தேகம்.

பளபளப்பாகக் கொடுத்தால் மருந்து என்கிறார்கள். மருந்தில்லாமல் கொடுத்தால் கழிசல் என்கிறார்கள். வேறு வழி தோன்றாமல் ஆதிலட்சுமி ஓட்டைக்காய் ஒன்றைப் பிட்டு நீட்டினாள். உள்ளே புழு நெளிந்தது.

"உயிரோட கீது பாருங்க மேடம். மருந்து பட்டிருந்தா செத்திருக்காதா?"

நந்தினி குனிந்து புழுவைப் பார்த்தாள். பிறகு, தள்ளியதையும் சேர்த்து எடை போடச் சொன்னாள். நாளைக்கும் இதே காய் வேண்டும் என்றாள்.

தரையில் கிடந்த காயை ஆதிலட்சுமி கூடையில் அள்ளிப் போட்டாள். அப்போது வெள்ளைக்காரர் ஒருவர் சாப்பிட உள்ளே வந்து, கூடையைப் பார்த்துச் சிரித்தார். அவள் சட்டென்று முந்தானையை இழுத்துக் கூடையை மூடினாள்.