கல்லுப்பில் பூத்த துரு

எங்க ஊட்டுக்காரர் நாமக்கல்லில் ரொம்ப வருசம் லாரிக்குப் பெயிண்ட் அடித்தவர். பாடி கட்டுகிற பட்டறையில் பட்டி பார்த்து, தேய்த்து, வண்டியைக் கண்ணாடி மாதிரி வெளியே அனுப்பினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். அந்தக் கையை நம்பித்தான் எதிர் ஊட்டு மிலிட்டரிக்கார அண்ணன் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே பொடிப்பொடியாகப் பிளாஸ்டிக் துண்டுகள். எல்லாவற்றையும் ஒட்டினால் ஒரு சாண் நீளத்துக்கு டாங்கி வருமாம்.

"நான் ஓட்டுன வண்டி இந்த மாதிரிதானுங்க. பாலைவனத்துச் சண்டையில எரிஞ்சு, துரு ஏறிப் போச்சு. உட்டுட்டு வந்தப்ப எப்படிக் கெடந்துச்சோ, அப்படியே ஒருக்கா பாக்கோணும். என்ற கை நடுங்குது, இல்லீன்னா நானே பண்ணிக்குவேன்" என்றார்.

நான் சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தியவள். வெளி ஆம்பளைகள் வந்தால் டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

இவர் ஒரு மாசம் குனிந்த தலை நிமிராமல் ஒட்டினார். பச்சை அடித்தார், மேலே பாலீஷ் போட்டார், லாரிக்கு இழுக்கிற மாதிரி ஓரத்தில் மஞ்சள் கோடு ஒன்றும் இழுத்தார். போதாதென்று சக்கரங்களைச் சுற்றி ஓடுகிற சங்கிலிக்கு அடியில் எலுமிச்சம்பழம் வேறு! அந்த டாங்கிக்கு அந்தப் பழம் பூசணிக்காய் மாதிரி இருந்தது.

அண்ணன் வந்து பார்த்தார்.

"ஜம்முனு இருக்குதுங்க. பரேடுக்குப் போற வண்டியாட்டம்."

அவ்வளவுதான் சொன்னார். முகம் வாடிப்போச்சு. டீயில் பாதியை வைத்துவிட்டு எழுந்து போனார்.

இவர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "துருவ மறைக்கத்தான் புள்ள எனக்குத் தெரியும். வர வெக்க எங்க தெரியும்?" என்றார். பச்சைக்கு மேலே செங்காவியைத் தொட்டுத் தொட்டு வைத்தார். சாணி தெளித்த வாசல் மாதிரி ஆனது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்கறயே, நீ பண்ணு பாக்கலாம்."

நான் பிறந்தது இளம்பிள்ளையில், தறிக்காரர் ஊட்டில். நூலில் சாயம் ஏறக்கூடாத இடத்தைக் கட்டிவிட்டு முக்குவார்கள். கட்டை அவிழ்த்தால் உள்ளே பழைய நிறம் அப்படியே இருக்கும். துருவும் அப்படித்தானே, மேலே வைக்கிறதில்லை, அடியில் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. ஆனால் இத்தனூண்டு பிளாஸ்டிக்கில் எங்கே கட்டுப் போடுவது? கட்டுக்குப் பதிலாக, ஈரம் பட்டால் விட்டுப்போகிற உப்பு இருக்கிறதே என்று தோன்றியது.

கல்லுப்பை அம்மியில் ஒன்றும் இரண்டுமாக நுணுக்கினேன். "ஏனுங்க, மொதல்ல பூராத்துக்கும் துரு நெறத்த அடிங்க. காஞ்சதும் தண்ணியத் தொட்டு இதத் தூவறேன். உப்பு ஒட்டிக்கிட்ட பொறகு பச்சையை அடிங்க" என்றேன்.

"வண்டிக்கு உப்பா? பட்டறையில சொன்னா ஒதைப்பானுங்க" என்றார். ஆனாலும் பழைய பெயிண்டைத் தேய்த்தெடுத்துவிட்டு நான் சொன்னபடியே அடித்தார்.

மறுநாள் பழைய பல்விளக்கும் பிரஷை ஈரமாக்கி மெதுவாகத் தேய்த்தேன். உப்பு ஒவ்வொரு பொடியாக உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் எல்லாம் அடியிலிருந்து துரு எட்டிப் பார்த்தது. மூலையில் கொஞ்சம், விளிம்பில் கொஞ்சம், மழையும் வெயிலும் தின்ற மாதிரி. என் கை அப்படியே நின்றுவிட்டது. பிளாஸ்டிக் என்று எனக்குத் தெரியும், நேற்று அடித்த பெயிண்ட் என்றும் தெரியும். ஆனாலும் ஒரு பெரிய உசுர் செத்து, கேட்பாரில்லாமல் ரொம்ப நாளாகக் கிடக்கிறதைப் பார்த்த மாதிரி உடம்பு சிலிர்த்தது. இவரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார்.

அப்புறம் எங்களுக்கு அதே வேலை. ஒரு பக்கத்துச் சங்கிலியை இவர் அறுத்துத் தொங்கவிட்டார். விளக்கெண்ணெய் விளக்கின் மேலே தட்டைக் கவிழ்த்து, கண் மைக்குப் பிடிக்கிற மாதிரி கரி பிடித்து, பீரங்கிக்கு அடியில் தடவினேன். பலகையில் கிழங்கு மாவுப் பசையைப் பூசி, பழைய சேலையில் சலித்த மணலைத் தூவினோம். சக்கரம் புதைகிற அளவுக்கு மணலை ஒதுக்கினதும் டாங்கிக்கு எடை வந்துவிட்டது. தூக்கினால் கனக்கும் என்று நானே நம்பினேன்.

அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினோம். வந்தவர் உட்காரவில்லை. மேசைக்கு நேராகக் குனிந்து, ஒவ்வொரு இடமாகப் பார்த்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்தத் தடவையும் இல்லை என்று சொல்லிவிட்டால் இவர் தாங்கமாட்டார்.

அண்ணன் முன்பக்கத்துச் சின்ன மூடியைக் காட்டினார்.

"இது தொறந்திருந்துச்சுங்க. இது வழியாத்தான் நான் வெளிய வந்தேன்."

இவர் பதறிக்கொண்டு பிளேடை எடுத்தார். ஒட்டின மூடி, அழுத்தினால் உடைந்துபோகும். "இங்க குடுங்க, ஒடைச்சுப் போடுவீங்க" என்று வாங்கினேன். வாங்கின பிறகுதான் நடு ஊட்டில் நிற்கிறேன் என்றே தெரிந்தது. பிளேடு முனையை விட்டு, நூல் நூலாக அறுத்து, மூடியைத் தூக்கி நிறுத்தினேன். உள்ளே இருட்டாக இருந்தது.

"மேல இருக்கறதையும் தொறக்கட்டுங்களா?" என்று கேட்டேன்.

"வேண்டாம் அம்மிணி. அது தொறக்கல."

அதற்குக் கீழே உட்கார்ந்திருந்தவரின் பெயரைச் சொன்னார். அதை நான் இங்கே எழுதமாட்டேன்.

"இதேதானுங்க" என்று பலகையை இரண்டு கையாலும் எடுத்தார். கை நடுங்கியது, ஆனால் பிடி விடவில்லை. வெளியே தூறல் போட ஆரம்பித்திருந்தது. கிழங்கு மாவுப் பசை, நனைந்தால் கரைந்து மணல் உதிர்ந்துவிடும். இவர் செருப்பைத் தேடுவதற்குள் நான் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். தெருவில் நாலு பேர் பார்த்தார்கள். அண்ணன் அடிமேல் அடி வைத்து நடந்தார். அவரும் நனைந்தார், நானும் நனைந்தேன். குடை டாங்கிக்கு மேலேதான் இருந்தது.