ஒன்று, ஐந்து, ஒன்பது

என் அப்பா கோதண்டம் போன மாதம் காலமானார். அவர் கார்ட்டூன் படம் வரையப் பழகியவர் என்பது எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். அவரிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

1943. மதராஸில் ஒரு படக் கம்பெனி அவரை மாணவராகச் சேர்த்திருந்தது. தேறினால் வேலை. கடைசிப் பரீட்சை, காவடி தூக்கி மலையேறும் ஒரு கிழவன். திங்கட்கிழமை தாள்களைக் கொடுத்தாக வேண்டும்.

திரையில் உருவம் ஓர் அடி எடுத்து வைக்கப் பல தாள்கள் வேண்டும். முக்கியமான நிலைகளை மட்டும் மாணவர் வரைவார். இடையில் வருபவற்றை வேறொருவர் நிரப்புவார். அதனால் அப்பாவின் தாள்களில் 1, 5, 9, 13 என்றுதான் எண்கள் இருக்கும். எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்ட அம்புக்குறிகள்.

வெள்ளிக்கிழமை எங்கள் ஊர் திருத்தணியின் மலைப்படியில் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். கீழே ரயில் நிலையம். உலகச் சண்டைக் காலம், ரயிலடி பக்கம் பென்சில் பிடித்தாலே உளவாளி என்பார்கள். கான்ஸ்டபிள் கஜபதி தாள்களைப் பிடுங்கிப் பார்த்து, அவரை ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனார்.

"ரெண்டு, மூணு, நாலு எங்கடா? எவங்கிட்ட குட்த்த?"

"அதெல்லாம் நான் வரையறதே இல்லீங்க."

"ஒண்ணு போட்டவன் அஞ்சுக்கு எப்டிடா தாவுவ?"

சப்-இன்ஸ்பெக்டர் பென்சிலை நீட்டினார். "ரெண்டை இப்ப போடு, பாக்கலாம்."

அப்பா பென்சிலைத் தாளில் வைத்தார். கோடே வரவில்லை.

"வேலூர் ஜெயில்ல குந்திகினு பொறுமையா போடுவான் சார்" என்றார் கஜபதி.

சேதி கேட்டு என் அம்மா அம்சா ஓடிவந்தார். அவருக்கு அப்போது பத்தொன்பது வயது. மூலையில் இருந்த லத்தியை எடுத்துத் தோளில் குறுக்காக வைத்துக்கொண்டார்.

"இது ஒண்ணுங்க." முழங்காலைத் தூக்கி நின்றார். "இது அஞ்சு. நடுவுல கால் இப்டி இப்டி வரும். அதான் ரெண்டு, மூணு, நாலு. ஊட்ல என்னை நிக்க வெச்சுதான் போடறாரு. இடுப்பே போச்சுங்க."

நான்கு ஆண்கள் பார்த்துக்கொண்டிருக்க, பதின்மூன்று வரை நின்று காட்டினார். சப்-இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு தாளையும் ஒத்துப் பார்த்தார்.

"எங்கூட்டுப் பசங்க கூட சொவுத்துல கரியால கிறுக்கறானுங்க. பட்டணத்துக்கு அனுப்பட்டா?" என்று கஜபதி சிரித்தார்.

அப்பாவை விட்டார்கள். தாள்களை வைத்துக்கொண்டார்கள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் கதவைத் தாழிட்டு மறுபடி வரைந்தார். தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் தாள்களைப் பாய்க்கு அடியில் தள்ளினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஓர் எண்ணும் விடவில்லை.

"நடுவுல வர்றது உங்க வேல இல்லியே?" என்றார் அம்மா.

"வழியில எவனாவது எண்ணிப் பாத்தான்னா?"

நேரம் போதவில்லை. கிழவனின் முதுகில் பாரமே தெரியவில்லை.

திங்கட்கிழமை கம்பெனியில் தலைமை ஓவியர் தாள்களைப் புரட்டினார். "எதை விடணும்னே தெரியலை. உனக்கு இங்க என்ன வேலை?"

நடந்ததை அப்பா சொல்லியிருக்கலாம். போலீஸ் என்ற சொல் தன் வாயிலிருந்து வந்தாலே அங்கேயே பிடித்துக் கொடுத்துவிடுவார்கள் என்று பயந்தார். "சரிங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ரயிலில் திரும்பினார்.

"என்னாச்சு?" என்றார் அம்மா.

"ரயில்ல யாரும் சோதனை போடல" என்றார் அப்பா.