ஈயம் உருக்க நல்ல நாள்

மாமா அகதிக் கப்பலில் வந்து இறங்கியபோது அவர் போட்டிருந்த சேட்டு யாரோ கொடுத்தது. கை நீளம், வயிற்றில் இறுக்கம். மாமா என்றால் அம்மாவின் தம்பி. வருடத்துக்கு ஒருமுறை கொழும்பிலிருந்து மஸ்கட் இனிப்புப் பெட்டியோடு உடுப்பிட்டிக்கு வருகிறவர். அந்த ஆடிக் கலவரத்தில் அவருடைய சாப்பாட்டுக் கடையை எரித்துவிட்டார்கள். எண்பத்துமூன்று. எனக்குப் பத்து வயது இருக்கும். மஸ்கட் இல்லையே என்று நான் அழுதேனாம். அதை அம்மா பிறகு பல காலம் சொல்லிக் காட்டினார்.

மாமா கனநாள் திண்ணையில் சுருண்டு கிடந்தார். ஒருநாள் எழும்பிக் கேட்டது ஒன்றுதான்.

"அக்கா, அப்புவின்ரை துவக்கு எங்கை?"

அப்பா உடனே எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனார். வீட்டில் பேச்சு சூடேறினால் எங்கள் மாட்டுக்கு நல்ல காலம்.

அப்பு, அம்மாவின் தகப்பன், மலைநாட்டில் ஒரு துரையிடம் வேலை பார்த்தவர். துரை ஊருக்குப் போகும்போது விட்டுப்போன குட்டைத் துவக்கு அது. விசைக்குக் கீழே ஓர் இரும்பு வளையம் இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் 'சடக்' என்று அடுத்த ரவை ஏறும். ஆனால் ரவை ஏது? பிஸ்கற் பேணி ஒன்றில் சுட்ட ரவைகளின் பித்தளைக் கோதுகளும் ஒரேயொரு பழைய ஈயக் குண்டும் கிடந்தன. மாமா சீனவெடிகளை உரித்து மருந்து சேர்த்தார். வலையில் கோக்கிற ஈயக் கட்டிகளைக் கடற்கரையில் வாங்கினார். அச்சுக்குக் கணவாய் ஓடு. நகை செய்கிறவர்கள் அதில்தான் அச்சு வைப்பார்கள். ஓடு பொறுக்கி வந்தது நான். முதல் வெடியை நான் வைப்பதென்பது அதற்குப் பேசிய கூலி.

அம்மா சந்தைக்குப் போயிருந்த நேரம், சமையல் அடுப்பில் ஈயம் உருகியது. பழைய குண்டை இரண்டு ஓடுகளுக்கு நடுவில் வைத்து அமத்தி எடுத்து, அந்தக் குழியில் மாமா ஊற்றினார். மயிர் பொசுங்கிய மணம். பிரித்துப் பார்த்தால் குண்டு, அதன் உடம்பெல்லாம் ஓட்டின் கோடுகள், கட்டைவிரல் ரேகைபோல. கோதில் வைத்து அழுத்த இறுக்கமாக உட்கார்ந்தது. துவக்கில் போட்டு வளையத்தை இழுத்தார். சடக். கப்பலால் வந்தபின் மாமா சிரித்தது அன்றைக்குத்தான்.

"ஒண்டு காணாது மருமோன். துவக்கு நிரம்ப வேணும். பிறகு சந்தியிலை போய் நிப்பன். ஆமியின்ரை ஜீப் வரட்டும்."

அம்மா கடகத்தோடு வாசலில் நின்றார். ஏசுவார் என்று நினைத்தேன்.

"தம்பி, இண்டைக்கு வெள்ளி. சோறு காச்சிற அடுப்பிலை ஈயமோ? நாளைக்கு உருக்கன். ஆர் வேண்டாமெண்டது?"

மாமா சட்டியை இறக்கி வைத்தார். கொழும்பில் கடை திறந்தபோது அவர் யாரிடமும் நாள் கேட்கவில்லை. அதனால்தான் எரிந்தது என்று அவருக்கே உள்ளுக்குள் ஒரு பயம்.

மறுநாள் அட்டமி. அதற்கடுத்த நாள் நவமி. பிறகு கரிநாள். பிறகு செவ்வாய், அம்மா விரதம். அது முடிய மறுபடியும் அட்டமி.

"போன கிழமையும் அட்டமி எண்டியளே அக்கா?"

"அது தேய்பிறை. இது வளர்பிறை. கொழும்பிலை இருந்தனி, உனக்கு உதுகள் விளங்காது."

எனக்கு அம்மாமேல் சரியான கோபம். பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட்டு, இந்த அட்டமியை ஒழித்துவிடப்பா என்று கேட்டேன். சந்தியால் ஜீப் போகும் சத்தம் கேட்டால் மாமா அந்த ஒற்றைக் குண்டோடு வேலியோரம் நிற்பார். அம்மா உலையை அப்படியே விட்டுவிட்டு வந்து அவரை உரசிக்கொண்டு நிற்பார்.

"சும்மா இருக்கிற நேரம் உந்த உழுந்தை அரைச்சுத் தாவன்," என்றார் அம்மா ஒருநாள். மாமா அரைத்தார். உப்புச் சரியில்லை என்று தானே பதம் பார்த்தார். அம்மா தட்டிய வடை தடிப்பு என்று தட்டத்தைப் பறித்தார். கடதாசிபோல மெல்லிசாக, கடித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற வடை. பள்ளிக்கூடத்தில் அதற்காகப் பெடியள் என் பின்னால் திரிந்தார்கள். பிறகு அவர்களுடைய தாய்மார் வீட்டுக்கே வந்தார்கள். பிறகு ஒரு கல்யாண வீடு.

கல்யாணத்துக்கு முதல்நாள் விடிய, அம்மா என்னையும் மாமாவையும் கூப்பிட்டார். அடுப்பில் சிரட்டைக்கரி கனன்றது. அதன்மேல் ஈயச் சட்டி.

"தம்பி, இண்டைக்கு நல்ல நாள். ஒரு குறையும் இல்லை. உருக்கு."

அப்பா மாட்டுப் பக்கம் போகவில்லை. அங்கேயே நின்றார்.

மாமா சட்டியைப் பார்த்தார். நனைத்து வைத்த உழுந்தைப் பார்த்தார்.

"உங்களுக்கு விசரே அக்கா? மத்தியானத்துக்குள்ளை வடை போக வேணும். உதை இறக்குங்கோ, எனக்கு அடுப்பு வேணும்."

"மாமா, வெடி?" என்று நான் அழத் தொடங்கினேன். அவர் துவக்கிலிருந்து அந்த ரவையை எடுத்து, குண்டைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"தூண்டிலிலை கட்டு. மீன் பிடிச்சா எனக்கும் தா."

அம்மா சட்டியை இறக்கிவிட்டுச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வந்தது. புகை என்று நினைத்தேன்.

பிறகு இயக்கத்துப் பெடியள் சைக்கிளில் வந்து ஊரிலிருந்த துவக்குகளை எல்லாம் வாங்கிப் போனார்கள். ரவை கேட்டார்கள். மாமா ஆளுக்கு இரண்டு வடை கொடுத்தார். சந்தியில் அவர் போட்ட வடைக் கொட்டில் கனகாலம் இருந்தது.

அட்டமி பதினைந்து நாளைக்கு ஒருக்கால்தான் வரும் என்பது எனக்குக் கல்யாணத்துக்கு நாள் பார்த்தபோதுதான் தெரிந்தது. பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போயிருந்தால் முன்பே தெரிந்திருக்குமோ என்னவோ. ஆனால் சிரட்டைக்கரி கனன்றால் புகைக்காது என்பது அந்த வயதிலேயே எனக்குத் தெரியும். தெரிந்தும் புகை என்றுதான் நினைத்தேன்.