நாலு மாதம் ஓடிய கார்

புதுக் கார் எடுப்பதா, நாலு மாதம் ஓடிய காரை எடுப்பதா என்று மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். மின்சாரக் கார் என்பதில் சந்தேகமே இல்லை; பெட்ரோல் வரிசையில் நாள் கணக்கில் நின்ற வருடத்திலேயே அதை முடிவுசெய்திருந்தேன். புதியது கப்பலில் வந்து சேரத் தை மாதமாகும் என்றார்கள். ஓடியதை நாளைக்கே எடுக்கலாம். எனக்கு ஐப்பசி மழைக்கு முன்னால் வேண்டும்.

காரணம் அம்மா. தெமோதரைக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஆறு வீடு ஒட்டிய வரிசையில் இருக்கிறார். லயத்துக்குப் பின்னால் மலை வெடிப்பு விட்டிருக்கிறது என்று அதிகாரிகள் வந்து பார்த்துக் கடிதம் கொடுத்தார்கள். கடிதம் வந்தது, மாற்று வீடு வரவில்லை. மழை வலுத்தால் எல்லாரும் கீழே பள்ளிக்கூடத்துக்கு நடந்து இறங்க வேண்டும். இரத்தத்தில் சீனி கூடிய வருத்தத்தில் அம்மாவுக்கு ஒரு காலை எடுத்துவிட்டார்கள். போன மழையில் பக்கத்து வீட்டு அக்காவும் அவர் வீட்டுக்காரரும் இன்னும் இரண்டு பேரும் அம்மாவைக் கம்பளியில் கிடத்தித் தூக்கிப் போனார்கள். வழியில் இரண்டு தடவை வழுக்கி விழுந்தார்களாம். நான் அப்போது பதுளையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். என் வாடகை அறை மூன்றாம் மாடியில். அங்கே வர அம்மா சம்மதிக்கவே மாட்டார்.

ஓடிய காரின் சொந்தக்காரர் என் வயதுக்காரர், கொழும்பில் தொழில். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்புத்தளையில் சந்தித்தோம். நான் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். திரையில் ‘வீடு’ என்று பதிந்திருந்த இடத்தில் என் விரல் பட்டுவிட்டது. கார் வழி சொல்ல ஆரம்பித்தது. அவர் தடுக்கவில்லை. நானும் அதன் சொல் கேட்டுப் போனேன். இறக்கத்தில் பேட்டரி குறையாமல் ஏறிக்கொண்டே வந்தது. இறங்கும்போது மின்சாரக் கார் தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் என்று தெரிந்திருந்தும் எனக்கு அது பிடிக்கவில்லை.

கொஸ்லந்தைக்கு முன்பாக மேலே திருப்பியது. கடைசியில், வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று ஒரு பெண்குரல் இங்கிலீஷில் சொன்னது. வெளியே புல் மூடிய சரிவு. வீடு இல்லை, சுவர் இல்லை. இது எந்த இடம் என்று எங்கள் பக்கத்தில் யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மண்சரிவில் லயங்களும் ஆட்களும் சேர்ந்து மண்ணுக்குள் போன மீரியபெத்த.

“இங்கதாங்க எங்க லயம். அன்னைக்கி நான் கொழும்புல இருந்தேன்” என்றார். “முந்தி வேன்ல வருவேன். நிப்பாட்டினாலும் இஞ்சின் ஆறுற வரைக்கும் டிக்டிக்குன்னு அடிச்சிக்கிட்டே இருக்கும். அதுக்காகத்தான் இதை வாங்குனேன். இதுல உக்காந்தா நல்லாக் கேக்கலாம்.”

“எதைக் கேக்கிறது?”

“மண்ணுக்குள்ள.”

“அப்ப ஏன் விக்கிறீங்க?”

அவர் தன் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை ஏற்றினார். “போன மாசம் கேட்டுருச்சுங்க.”

என்ன கேட்டது என்று நான் விசாரிக்கவில்லை. விலை பேசும் தைரியமும் போய்விட்டது. ஆள் விலகுவதற்காக மெதுவாகப் போகையில் கார் தானே எழுப்பும் முனகலையும் அவர் நிறுத்திவைத்திருந்தார். மறுபடி எப்படிப் போடுவது என்று காட்டினார். மறுநாளே வாங்கிவிட்டேன். தை மாதம் வரைக்கும் மலை காத்துக்கொண்டிருக்குமா?

முதல் நாள் லயத்து வாசலில் போய் நின்றபோது நாய்கூட எழும்பவில்லை. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா திரும்பிப் பார்த்து அலறிவிட்டார்.

“பேய் மாதிரியில்ல வந்து நிக்கிற!”

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் விஷயம் சிரிப்பில்லை. லயத்தில் வண்டிச் சத்தம் என்றால் செய்தி. மழை நாளில் ஒரு வண்டி முக்கிக்கொண்டு மேலே ஏறுவது கேட்டால், கிளம்பச் சொல்லி ஆள் வருகிறது என்று எல்லாக் கதவும் திறக்கும். கைப்பேசிக்கு அங்கே சிக்னல் கிடையாது, நம்பியிருப்பது காதை மட்டும். அந்த முனகலையாவது போட்டுவிடலாம் என்று நினைத்தேன். போடவில்லை. அந்த அமைதி எனக்கும் பிடித்துப்போயிருந்தது. சில மாலைகளில் வண்டியை ஓரங்கட்டி, எதைக் கேட்கிறேன் என்று தெரியாமலே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

தீபாவளி கழிந்து மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் பதுளையில் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் விடும் நேரம் என் கைப்பேசிக்கு மண்சரிவு எச்சரிக்கை வந்தது. மூட்டத்தைக் கிழித்துக்கொண்டு மேலே ஏறினேன். லயத்தில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது, தகரத்தில் மழை அறைந்துகொண்டிருந்தது. அம்மாவைத் தூக்கிப் பின் சீட்டில் கிடத்தினேன். கார்க் கதவை மெல்லச் சாத்தினேன். மலைப் பக்கம் ஏதோ புரள்வதுபோல் ஒரு சத்தம். கேட்டதா, கேட்டதாக நினைத்தேனா, இன்றைக்கும் தெரியாது.

இரண்டு வளைவு இறங்கியதும் அம்மா கேட்டார்.

“ஹோர்ன் அடிச்சியா?”

“அடிச்சேம்மா.”

“எனக்குக் கேக்கலையே.”

“மழைம்மா.”

அடிக்கவில்லை. மறக்கவும் இல்லை. அடித்தால் ஆறு கதவும் திறக்கும். ஏற்றச் சொல்வார்கள், சாமான் எடுக்க ஓடுவார்கள், கால் மணி நேரம் போய்விடும். அந்தக் கால் மணி நேரத்துக்குப் பயந்தேன். அதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அம்மாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்ப ஏறினேன், வழி நெடுக ஹோர்னை அழுத்தியபடி. பாதி வழியில் மூட்டத்துக்குள்ளிருந்து லயத்து ஆட்கள் எல்லாரும் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் அக்கா. வண்டியை நிறுத்தி ஜன்னல் கண்ணாடியை இறக்கினேன்.

“ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“நீ அம்மாவத் தூக்கிட்டுப் போறத ஜன்னல்ல பாத்தேன். அப்புறந்தான் எல்லாரையும் கிளப்பினேன்.”

“என்னைக் கூப்பிட்டிருக்கலாமே அக்கா.”

“கூப்பிட்டா நீ நின்னுருவ. மொதல்ல அம்மா போகட்டும்னு விட்டேன்.”

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இறங்கி நாலு கதவையும் திறந்துவிட்டேன். ஏறுங்கள் என்று கெஞ்சினேன்.

“நனைஞ்சிருக்கோம்ப்பா, சேறு வேற. புது வண்டி கெட்டுரும்” என்று சொல்லிவிட்டு, ஒவ்வொருவராக என்னைத் தாண்டி நடந்தார்கள்.