வெட்டுவோர் ஒட்டுவோர் மாநாடு

போலீஸ் ஜீப் என் ஸ்டுடியோ வாசலில் வந்து நின்றபோது, இன்ஸ்பெக்டர் தன் மகள் கல்யாணத்துக்கு வீடியோ புக் பண்ண வந்திருக்கிறார் என்று நம்பினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருக்கு மகளே கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, எதிர்க்கடைக்குக் கலர் சோடா சொல்லியனுப்பி, "எந்த மாசங்க ஐயா முகூர்த்தம்?" என்றும் கேட்டுவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து மஞ்சள் நோட்டீஸ் ஒன்றை எடுத்து விரித்தார். அது என் நோட்டீஸ்.

நோட்டீஸின் கதை

இன்று லேப்டாப்பில் எடிட் பண்ணும் தம்பிகளுக்கு அந்தக் காலத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்போது எங்கள் கள்ளக்குறிச்சி தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. இரண்டு வி.சி.ஆர்., நடுவில் ஒரு கன்ட்ரோலர், ஒரு டிவி. இவ்வளவுதான் எடிட்டிங். ஒன்றில் ஓடும் கல்யாணத்தை வேண்டிய இடத்தில் நிறுத்தி மற்றதில் பதிய வேண்டும். மெஷினின் ஹெட் தேய்ந்தால் டிவியில் மணமக்கள் மேல் மழை பெய்யும். ஹெட் மாற்றச் சென்னைக்குத்தான் போக வேண்டும். அங்கே மெஷின் மாதக்கணக்கில் கிடக்கும். கேசட் கைக்கு வருவதற்குள் பெண்ணுக்கு வளைகாப்பு முடிந்திருக்கும். கல்யாண வீட்டார் என்னைத் திட்டியதை எல்லாம் பதிந்திருந்தால் அதுவே ஒரு மூன்று மணி நேர கேசட் ஆகியிருக்கும்.

மெஷின் கம்பெனியின் சர்வீஸ் மேனேஜருக்கு போன் போட்டுக் கெஞ்சினேன். அவர் கணக்கில் கறாரான மனிதர். "எங்க மெஷின் வச்சிருக்கிறவங்க நூறு பேர ஒரே எடத்துல காட்டுங்க சார். எந்த ஊர்ல காட்டுறீங்களோ அந்த ஊர்ல சர்வீஸ் சென்டர் போடுறோம்" என்றார். எண்ணிப் பார்க்கவும், எடிட்டிங் செய்து காட்டவும் தானே வருவதாகவும் சொன்னார்.

உடனே கல்யாண மண்டபம் பிடித்தேன். விழுப்புரம், கடலூர், பண்ருட்டி, திண்டிவனம் என்று எல்லா எடிட்டர்களுக்கும் சொல்லி அனுப்பினேன். நோட்டீஸ் எழுதும் வேலையை அச்சகம் வைத்திருந்த நண்பர் மணிமாறனிடம் விட்டேன். அங்கேதான் சனி பிடித்தது. மணிமாறன் ஆங்கிலச் சொல் ஒன்று தன் மெஷினில் ஏறினால் மெஷினையே கழுவுகிற ஆள். அவர் அடித்துக் கொடுத்தது இதுதான்:

"வெட்டுவோர் ஒட்டுவோர் மாநாடு! விரைவாக வெட்டுவது எப்படி? தடயம் தெரியாமல் ஒட்டுவது எப்படி? சென்னை வல்லுநர் நேரில் செய்து காட்டுவார். தோழர்களே, அவரவர் கருவியுடன் திரண்டு வருக!"

நான் படித்துப் பார்த்தேன். எழுத்துப் பிழை இல்லை என்று திருப்திப்பட்டேன்.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் முழுக்கச் சாலை மறியல் நடந்துகொண்டிருந்த காலம் அது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருப்பார்கள். சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருப்பார்கள். வெட்டுகிறவன் யார், ஒட்டுகிறவன் யார் என்று போலீஸ் ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருந்தது. நான் நோட்டீஸ் அடித்து, மண்டபத்தின் பெயரையும் போட்டு, அவர்கள் வேலையைச் சுலபமாக்கியிருந்தேன்.

விசாரணை

"இன்னாய்யா இது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மாநாடுங்க ஐயா."

"வெட்டுறதுக்கு ஒரு மாநாடா? இன்னா கருவி? கோடாலியா, ரம்பமா?"

"ஐயா, இது வேற வெட்டுங்க."

"வெட்டுல இன்னாய்யா வேற வெட்டு?"

பயம் வந்தால் சிலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்கு அவிழ்ந்துகொள்ளும். "நாங்க மரத்தத் தொடவே மாட்டோங்க ஐயா. மனுஷங்களத்தான் வெட்டுவோம்" என்றேன்.

கூட வந்திருந்த ஏட்டு ஏகாம்பரம் லத்தியை வலது கைக்கு மாற்றினார்.

"கல்யாணத்துக்கு வர்றவங்களத்தாங்க. கொட்டாவி வுடறவங்க, மூக்கு நோண்டுறவங்க, இவங்கள மட்டும் வெட்டிட்டு மத்தவங்கள ஒட்டிடுவோம்" என்று விளக்கினேன். விளக்க விளக்க ஜீப் எனக்குப் பக்கத்தில் வருவதுபோல இருந்தது.

"இவன் வாயால சொன்னா வெளங்காது. செஞ்சி காட்டச் சொல்லுங்கய்யா" என்றார் ஏட்டு. அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும் என்று அப்போது நினைத்தேன். அடுத்த நிமிடமே வாபஸ் வாங்கினேன்.

கைக்கு அகப்பட்ட கேசட்டை மெஷினில் திணித்தேன். மணலூர்பேட்டையில் பெரிய கரும்புத் தோட்டக்காரர் வீட்டுக் கல்யாணம். தேய்ந்த ஹெட்டின் மழைக்கு நடுவே பந்தி ஓடியது. இலை இலையாக கேமரா நகர்ந்தது. ஓர் இலையில் நின்றது. பட்டுச் சட்டை போட்ட ஒருவர் பாயசத்துக்கு இரண்டாம் முறை கை காட்டிக்கொண்டிருந்தார். இப்போது காக்கிச் சட்டையில் என் பக்கத்தில் நின்ற இன்ஸ்பெக்டரேதான் அவர்.

டிவியின் மூலையில் தேதி பளிச்சென்று தெரிந்தது. எங்கள் கேமராவுக்கு அந்த வியாதி உண்டு. எடுக்கிற தேதியைத் தானே போட்டுக்கொள்ளும். அது பெரிய மறியல் நடந்த நாள். அன்று முழுவதும் ஐயா ரோட்டில் பந்தோபஸ்தில் நின்றதாக ஊரே நம்பிக்கொண்டிருந்தது.

ஏட்டு ஏகாம்பரம் என் கூரையை ஆராய ஆரம்பித்தார். நல்ல கூரைதான்.

"இத வெட்ட முடியுமா?" இன்ஸ்பெக்டர் குரல் கம்மியாக வந்தது.

"முடியுங்க ஐயா."

"தடயம் தெரியாம?"

"அதுக்குத்தாங்க ஐயா வல்லுநரே வர்றாரு."

அவர் கண் முன்னாலேயே வெட்டினேன். பாயசவாளி இலைப்பக்கம் குனிந்ததோடு நிறுத்தி, மாப்பிள்ளையின் தாய்மாமன் கை கழுவுகிற இடத்தில் ஒட்டினேன். இரண்டு தரம் போட்டுப் பார்க்கச் சொன்னார். "ஆங், இதான் வெட்டுறதா? மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? நடத்திக்கோ. ஏட்டு உள்ள ஒக்காந்து பாத்துக்கினு இருப்பாரு" என்று சொல்லிவிட்டு, வந்த கலரையும் குடித்துவிட்டுப் போனார்.

மாநாட்டு நாள்

அன்று காலை மண்டபத்து வாசலில் ரோஜாப்பூவும் சந்தனமும் வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே சமையல்காரர் நூறு பேருக்குக் கேசரி கிண்டிக்கொண்டிருந்தார். முதலில் வந்தவர் ஏட்டு. அப்புறம் மணிமாறன். அப்புறம் வெகுநேரம் யாரும் வரவில்லை.

கடைசியில் சாமை மூட்டை ஏற்றிய ஜீப் ஒன்றிலிருந்து வெள்ளிமலை சடையன் இறங்கினார். கல்வராயன் மலையில் வீடியோ எடுப்பவர் அப்போது அவர் ஒருவர்தான். மெஷினைக் கம்பளியில் சுற்றி, தோளில் சாய்த்துத் தூக்கிவந்தார்.

"மத்தவங்கள்லாம் எங்கங்க?" என்றார்.

"வந்துக்கினே இருக்காங்க."

"எங்க வர்றது? அவங்க வர்ற வழில எலவனாசூர்கோட்டையாண்ட ரோடு முழுக்க மரம் கெடக்குதாமே. இன்னிக்கு மறியலுங்க."

"மலையில கெடக்கலியா?" என்று கேட்டு வைத்தேன்.

"எங்க ஊர்ல ஒரு கெளைய ஒடிச்சாலே பாரஸ்ட்டுக்காரரு வூட்டுக்கு வந்துருவாருங்க. மரத்த வெட்டி மறியல் பண்ற அளவுக்கு எங்களுக்கு இன்னும் உரிமை வரல."

நூறு பேருக்கு முன்னால் பேசுவதற்காக மனப்பாடம் பண்ணிய வரவேற்புரையை மூன்று பேருக்கும் பேசினேன். "கடலெனத் திரண்டிருக்கும் தோழர்களே" என்ற இடத்தில் ஏட்டு திரும்பிப் பார்த்தார்.

அதற்கு மேல் தாங்கவில்லை. எலவனாசூர்கோட்டையில் எனக்குத் தெரிந்த உரக்கடைக்கு போன் போட்டேன்.

"உங்க ஆளுங்களா அவங்க?" என்றார் உரக்கடைக்காரர். "எங்கூர்ல பாதி ரோட்ட அடைச்சிக்கினு ஒக்காந்துகினு இருக்காங்க. ஒவ்வொருத்தன் மடியிலயும் ஒரு பொட்டி. மெட்ராஸ்காரரு ஒருத்தரு என் கடை பிளக்குல கனெக்சன் குடுத்து டிவி வச்சிக்கினு இருக்காரு. மறியல்காரங்களும் பாத்துக்கினு இருக்காங்க. மரம் வுழுறத உங்க ஆளுங்க காலைல வீடியோ எடுத்தாங்களாம், இவரு பின்னாடி ஓட்டுறாரு. வுழுந்த மரம் எழுந்து நிக்குது! ஒரே விசில்."

"அவரக் கூப்பிடுங்க!" என்று கத்தினேன்.

சர்வீஸ் மேனேஜர் லைனுக்கு வந்தார். "என்ன சார், எல்லாரும் வந்துட்டாங்க. நீங்க மட்டும்தான் வரல" என்றார்.

"நான்தான் சார் மாநாட்டையே கூட்டினேன்!"

"சீக்கிரம் வாங்க சார். எண்ணிக்கிட்டிருக்கேன்."

நானும் ஏட்டும் சடையனும் அவர் வந்த ஜீப்பில் ஏறினோம். கேசரியைப் பார்த்துக்கொள்ள மணிமாறனை விட்டுவிட்டோம். தியாகதுருகம் தாண்டியதும் குறுக்கே ஒரு புளியமரம். அதன்மேல் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன் என்னைப் பார்த்ததும் குதித்து இறங்கினான். நான் கல்யாண வீடியோ எடுத்துக்கொடுத்த பையன். எடுத்துவிட்டேன், கொடுக்கத்தான் இல்லை.

"வாங்கண்ணே! எம் புள்ளைக்கு மொட்டையே போட்டாச்சி. கல்யாண கேசட்டு எங்க?"

"தம்பி, ஹெட்டு தேஞ்சி போச்சி. அந்த ஹெட்டுக்காகத்தான் இப்ப அவசரமா போறேன். வழி வுடு."

"எங்க கோரிக்கய எத்தினி வருசமா கேட்டுக்கினு இருக்கோம். நாங்க ரோட்லதான் ஒக்காந்துகினு இருக்கோம். நீங்களும் ஒக்காருங்கண்ணே."

ஏட்டைப் பார்த்தேன். "நான் மாநாட்டு ட்யூட்டி. மறியல் ட்யூட்டி வேற ஆளு" என்று அவர் ஜீப்பிலிருந்து இறங்கவே இல்லை. சடையன்தான் நிதானமாக மரத்தைச் சுற்றிப் பார்த்தார். வயல் வரப்பில் இறங்கி நடந்தால் போய்விடலாம் என்றார். மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் நடந்தார். "வெளியூர்க்காரரு, போகட்டும்" என்று அவரை விட்டார்கள். நான் இறங்கப் போனேன். மொட்டை போட்ட பிள்ளையின் அப்பா என் சட்டையை அன்பாகப் பிடித்துக்கொண்டான்.

மாலை வரைக்கும் அந்த மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தேன். போலீஸ் வந்து பிடித்தபோது, மறியல் செய்தவர்களோடு சேர்த்து என்னையும் லாரியில் ஏற்றப் பார்த்தார்கள். ஏட்டு சொன்னதால் விட்டார்கள்.

தம்பிகளே, ஒரு கூட்டம் கூட்ட வேண்டும் என்றால் மண்டபத்தைவிட ரோடு முக்கியம். அதைவிட, பாக்கி வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு ரோட்டில் இறங்குவது முக்கியம்.

எலவனாசூர்கோட்டையில் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. கடைசியில் எண்ணப்பட்டவர் வெள்ளிமலை சடையன். எடிட்டர்கள் சங்கமும் அங்கேயே ஆரம்பித்தார்கள். வராத காரணத்தால் என்னை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. அடுத்த தை மாதம் சர்வீஸ் சென்டர் திறந்தார்கள், எலவனாசூர்கோட்டை உரக்கடைக்குப் பக்கத்து அறையில். கள்ளக்குறிச்சிக்கு அது வரவே இல்லை.