ஆட்டுக்குக் காய்ச்சிய கஞ்சி

பஸ் ஸ்டாப் சுவரில் அப்போதுதான் ஒட்டிய போஸ்டரை ஓர் ஆடு நக்கிக்கொண்டிருந்தது. கல்லெடுத்து விரட்டினேன். "மாவுதானம்மா, திங்கட்டும் விடுங்க" என்றார் போஸ்டர் ஒட்டியவர். எனக்குப் பழகிய பசை வாசம் அது.

சாத்தூரில் எனக்கு ஏழு வயதிருக்கும்போது, அம்மா வீட்டிலேயே தீப்பெட்டிக் கூடு ஒட்டுவாள். பசை கெடாமலிருக்க மயில்துத்தம் என்ற விஷ உப்பைக் கலப்பதால் அது நீலமாக இருக்கும். அம்மாவுக்குப் பால் வற்றிவிட்டதால், கைக்குழந்தையான தம்பிக்கு எங்கள் வெள்ளாட்டுப் பால்தான். அந்த ஆடோ முதுகெலும்பு துருத்தும்படி இளைத்துப்போனது. அதைத் தேற்ற அம்மா தினமும் கம்பங்கஞ்சி காய்ச்சி, "ஆட்டுக்கு வச்சிட்டு வாட்டி" என்று என்னிடம் கொடுப்பாள்.

ஒரு மாதமாகியும் ஆடு தேறவில்லை. பாலும் குறைந்தது. பக்கத்து வீட்டு டீச்சர் வந்து அதன் வாயைப் பிரித்துப் பார்த்தார். "என்னக்கா, நாக்கு நீலமா இருக்கு? பசையத்தான் தின்னுருக்கு!"

அம்மா மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

அத்தனை நாளும் தொழுவத்தில் கஞ்சியை நான் குடித்துவிட்டு, மீந்த பசையைக் கரைத்து ஆட்டுக்கு வைத்துக்கொண்டிருந்தேன்.

"பசிச்சா கேக்க வேண்டியதுதானட்டி?"

"கஞ்சி ஆட்டுக்குன்னுதானம்மா சொன்ன."

அம்மா அடிக்கவில்லை. மறுநாளிலிருந்து கஞ்சி இரண்டு சட்டிகளில் வந்தது. ஒன்று எனக்கு, ஒன்று ஆட்டுக்கு. கொஞ்ச நாளில் ஆட்டின் முதுகில் சதை பிடித்தது. மடி நிறைந்தது. தம்பி தவழ்ந்தான்.

அம்மா மட்டும் இளைத்துக்கொண்டே போனாள். அவள் வாயைப் பிரித்துப் பார்க்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.